கருவி காட்டும் எண் ஒன்றேயானாலும் கடற்காற்றும் கரிப்புகையும் ஒன்றல்ல

கேள்வி: ஏர்வாடிப் பக்கம் கடலோரக் கிராமத்தில் வசிக்கிறோம். ஏழு வயது மகளுக்கு இழுப்பு (ஆஸ்துமா) இருப்பதால், காற்று மாசு காட்டும் சிறிய கருவி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறேன். ஊரை ஒட்டிக் கரிமூட்டம் புகையும் விடியற்காலையில் பி.எம். 2.5 என்னும் நுண்துகள் அளவு 48 என்று காட்டுகிறது. கடற்காற்று வீசும் மாலையிலும் ஏறத்தாழ அதே 48. இரண்டு வேளையும் பிள்ளையை வெளியே விடக் கூடாதா?

பதில்: விடியற்காலையில் விடாதீர்கள், மாலையில், இழுப்பு இல்லாத நாட்களில், அவள் விளையாடத் தடையில்லை.

கருவி தருவது எடைக்கணக்கு மட்டுமே. ஒரு கன மீட்டர் காற்றில் 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் எத்தனை மைக்ரோகிராம் என்று அது மதிப்பிடுகிறதே தவிர, அவை உப்பா, கரியா, தாரா என்பது அதற்குத் தெரியாது. 24 மணி நேரச் சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது என்ற நம் நாட்டின் 2009-ஆம் ஆண்டு வரையறையும் எடையைப் பற்றியதுதான்.

மாலைக் காற்றில் வருவது பெரும்பாலும் கடல் உப்பு. மூச்சுக்குழாயின் ஈரத்தில் அது கரைந்துவிடும். உடலுக்குப் புதிய பொருளும் அன்று. மேலும், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டும்போது உப்புத் துகள் நீரை உறிஞ்சி ஊதிப் பெரிதாகும். ஒளிச்சிதறலைக் கொண்டு கணக்கிடும் மலிவு விலைக் கருவி அந்த நீரையும் மாசாகவே எண்ணும். ஆகவே உங்கள் மாலை நேர 48-இல் ஒரு பங்கு வெறும் தண்ணீராக இருக்கலாம்.

மூட்டத்தின் கதை வேறு. அடுக்கிய வேலிக்கருவைக் கட்டைகளை மண் போட்டு மூடி, போதிய காற்றில்லாமல் நாட்கணக்கில் கனிய விடுவதால், முழுதும் எரியாத தாரும் புற்றுநோயை உண்டாக்கும் பென்சோபைரீன் போன்ற சேர்மங்களும் நுண்துகள்களோடு ஒட்டி வெளியேறுகின்றன. நுரையீரலின் உள்ளறைகள் வரை செல்லும் இவை அங்குள்ள செல்களில் ஆக்ஸிஜனேற்ற அழுத்தத்தை, அதாவது செல்களைச் சிதைக்கும் வேதித் தாக்கத்தை, உண்டாக்கி அழற்சியைத் தூண்டும். இழுப்புள்ள பிள்ளைக்கு அதுவே போதும். ஐரோப்பாவில் நடந்து 2020-இல் வெளியான ஓர் ஆய்விலும், துகள்களின் எடையைக் கூட்டியவை மண்தூசி முதலியவை. இந்த ஆக்ஸிஜனேற்றத் திறனைக் கூட்டியவையோ வீடுகளில் விறகெரிப்பதால் உருவாகும் கரிமத் துகள்களும் வாகனங்களின் பிரேக் தேய்மானம் போன்றவற்றால் வரும் உலோகங்களும்தாம்.

வேறுபாட்டைக் கண்ணால் காண விரும்பினால், நனைத்த வெள்ளைத் துணியைச் சன்னல் கம்பியில் இரண்டு வேளையும் தனித்தனியே கட்டிப் பாருங்கள். உப்பு அலசினால் போய்விடும்; மூட்டப் புகையின் பழுப்புக் கறை சோப்புக்கும் எளிதில் அசையாது. இது அளவீடு ஆகாது, ஆனால் வீட்டாரை நம்பவைக்கும்.

எண் குறைந்தால் நிம்மதி என்றும் எண்ண வேண்டாம். விசைப்படகுகள் எஞ்சினைக் கிளப்பும் துறையில் டீசல் கரித்துகள்களில் மிகப் பல 0.1 மைக்ரானுக்கும் சிறியவை. ஏறத்தாழ எடையே இல்லாத அவற்றை உங்கள் கருவியால் பார்க்க முடியாது. டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதிசெய்தது. கரையில் தெர்மாகோல் மீன்பெட்டிகளை எரிக்கும் இடத்தையும் பிள்ளை அண்ட விடாதீர்கள்.

இரவின் குளிர்ந்த, அசைவற்ற காற்றில் புகை தரையோடு தங்குவதால், மூட்டம் புகையும் நாட்களில் வெயில் ஏறும் வரை சன்னல்களை மூடிவையுங்கள். கடற்காற்று கிளம்பியதும் திறந்துவிடலாம். முகத்தில் கட்டும் ஈரத்துணி நுண்துகளைத் தடுக்காது. சரியாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் துகளைத் தடுக்கும், புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவைத் தடுக்காது. புகை குறைந்துவிட்டது என்று மருத்துவர் தந்த இன்ஹேலரை நீங்களாக நிறுத்தாதீர்கள்.