உவரிக் கடலில் காலை ஆழமும் மதிய ஆழமும் ஏன் ஒத்துப்போகவில்லை

தம்பி, உவரிக்கு வெளியே படகில் ஆழம் அளந்தபடி காலையில் ஓடிய கோடும் மதியம் ஓடிய கோடும் வெட்டும் இடத்தில் ஆழம் முப்பது செ.மீ. வித்தியாசம் காட்டியது, ஓதத் திருத்தம் (கடல்மட்டம் ஏறி இறங்கும் அளவைக் கழிப்பது) போட்டதும் அது அறுபதாகிவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'அறுபதாகிவிட்டது'தான் துப்பு. எக்கோ சவுண்டரை (ஒலி தரைக்குப் போய்த் திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் சொல்லும் கருவி) திட்டாமல் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஜிபிஎஸ் பதிவு பெரும்பாலும் கிரீன்விச் நேரத்தில் இருக்கும், ஓத அட்டவணை இந்திய நேரத்தில், நடுவே ஐந்தரை மணி. நம் கடலில் ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிடம், அப்படியென்றால் ஐந்தரை மணி தள்ளிப் படித்தால் ஏற்றத்தில் எடுத்த ஆழத்துக்கு வற்றத்தின் எண்ணைக் கழித்துக்கொண்டிருப்பீர்கள், பிழை தீராமல் இரட்டிப்பாகும். நானும் இதே குழியில் ஒரு வாரம் கிடந்தவன்தான்.

அப்புறம், ஒலி வேகம். கருவியில் 1500 என்று வைத்தே வந்திருக்கும், 28 டிகிரிக் கடல்நீரில் அது வினாடிக்கு 1540 மீட்டர் பக்கம். இருபது மீட்டரில் அரை மீட்டர் குறைத்துக் காட்டும். இது வெட்டுப்புள்ளியில் தெரியாது, ஏனென்றால் இரண்டு கோடும் ஒரே மாதிரி தப்பு. இரும்புத் தகட்டை அளவு குறித்த கயிற்றில் 5, 10 மீட்டருக்கு இறக்கி, கருவியும் அதே ஆழம் காட்டுகிறதா என்று சரிபாருங்கள்.

வெட்டுப்புள்ளியைப் பார் (கடலடிப் பாறைத் திட்டு) மேல் வைக்காதீர்கள், படகு இரண்டு மீட்டர் விலகினாலே ஆழம் மாறிவிடும், மணல் தரைதான் நல்லது. எது எங்கே என்று வள்ளக்காரரிடமே கேளுங்கள்.