பழைய செஸ்னா விமானத்தை விற்பதற்கு முன்பே சிரஸ் வாங்கலாமா?

கேள்வி: நான் வட கரோலினாவில் ராலே அருகே வசிக்கிறேன். வயது 46. மென்பொருள் துறையில் வேலை. 2016இல் 42,000 டாலருக்கு வாங்கிய 1978ஆம் ஆண்டு செஸ்னா 172என் விமானம் ஒன்று என்னிடம் உள்ளது. என் இரண்டு மகள்களும் முதன்முதலாக வானில் ஏறியது அதில்தான். 2019இல் ஏவியானிக்ஸுக்கு (விமானத்தின் மின்னணுக் கருவிகள்) 28,000 டாலரும், 2022இல் பெயின்டுக்கும் இருக்கைகளுக்கும் 14,000 டாலரும் வீட்டு ஹெலாக்கிலிருந்து (வீட்டை ஈடாக வைத்துத் தேவைப்படும்போது எடுக்கும் கடன்) எடுத்துச் செலவழித்தேன். அதில் இன்னும் 38,000 பாக்கி. எட்டரை சதவீத வட்டியை மட்டும் கட்டி வருகிறேன். இப்போது 3,10,000 டாலருக்கு 2007ஆம் ஆண்டு சிரஸ் எஸ்.ஆர்.22 விமானம் ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. செஸ்னாவை ஏழு மாதமாக 1,15,000 டாலருக்கு விளம்பரம் செய்தும் போகவில்லை. இரண்டு புரோக்கர்கள் 82,000 முதல் 86,000 வரைதான் பெறும் என்கிறார்கள். என் மைத்துனர், தானே மாதம் 700 டாலர் கொடுத்து எடுத்துக்கொள்வதாகவும் வெளியாருக்கு விற்க வேண்டாம் என்றும் சொல்கிறார். சிரஸின் முன்பணமான 62,000 டாலரை ஹெலாக்கிலிருந்து எடுத்து, செஸ்னா விற்றதும் அடைத்துவிடலாமா? விமானத்துக்காக மாதம் 4,500 டாலர் வரை என்னால் ஒதுக்க முடியும். மூத்த மகள் இரண்டு ஆண்டில் கல்லூரிக்குப் போகிறாள். மனைவிக்கு இதில் பயம் இருக்கிறது.

பதில்: எந்தக் கடன் மலிவு, எந்த விமானம் வேகம் என்பதெல்லாம் உங்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கிறது, அவற்றை நான் மறுபடி விளக்கப் போவதில்லை. உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது ஒன்றுதான். 2019இல் விமானத்துக்குப் பணம் தேவைப்பட்டபோது வீட்டின் மீது எடுத்தீர்கள், 2022இல் மீண்டும் எடுத்தீர்கள், இப்போது மூன்றாவது முறையாக எடுக்கப் பார்க்கிறீர்கள். முதலிரண்டு முறையும் எடுத்த 42,000 டாலரில் அசல் 4,000 மட்டுமே குறைந்திருக்கிறது. வீடு வாங்கவோ கட்டவோ மேம்படுத்தவோ எடுக்காத ஹெலாக்கின் வட்டிக்கு 2018 முதல் வரிக் கழிவும் கிடையாது என்பதால், அந்த எட்டரை சதவீதம் முழுவதும் உங்கள் கையிலிருந்துதான் போகிறது.

உங்கள் திட்டத்தின்படி முதல் மாதம் எப்படி இருக்கும் என்று தோராயமாகப் பார்ப்போம். சிரஸுக்கு 2,48,000 டாலர் கடன், ஏழரை சதவீதம், 20 ஆண்டு என்று வைத்தால் தவணை ஏறக்குறைய 2,000 டாலர். அந்த வகை விமானத்தில் பறந்த அனுபவம் இல்லாதவருக்கு முதல் ஆண்டு இன்ஷூரன்ஸ் மாதக் கணக்கில் 450, ஹேங்கர் (விமானம் நிறுத்தும் கொட்டகை) 350, அனுவலுக்கும் (ஆண்டுக்கு ஒரு முறை செய்யும் பரிசோதனை) பழுதுகளுக்கும் 400 ஆகலாம். ஆண்டுக்கு 80 மணி நேரம் பறந்தால், மணிக்கு 16 கேலன், கேலன் 6 டாலர் என்ற கணக்கில் எரிபொருளுக்கு 640. எஞ்சின் ஓவர்ஹாலுக்கென்று (முழுவதும் பிரித்துப் புதுப்பிப்பது) 200 ஒதுக்கினால் மொத்தம் 4,000 டாலரைத் தாண்டிவிடுகிறது. இதோடு ஹெலாக் பாக்கி 1,00,000 டாலராக உயர்ந்து, அதன் வட்டி மட்டும் 700 டாலராகும். விற்காத செஸ்னாவின் ஹேங்கர், இன்ஷூரன்ஸ், அனுவல், கவுன்டி (மாவட்ட) வரி ஆகியவற்றுக்கு இன்னொரு 750. ஆக, பறக்காமல் நிற்கும் விமானத்தையும் சேர்த்து மாதம் சுமார் 5,450 டாலர். உங்களால் ஒதுக்க முடிந்தது 4,500. மீதி 950 டாலர் எங்கிருந்து வரும் என்று யோசித்துப் பாருங்கள். அதுவும் ஹெலாக்கிலிருந்துதான் வரும். மகளின் கல்லூரிக் கட்டணம் தொடங்கும் வேளையில் அந்தப் பாக்கி எவ்வளவாக இருக்கும் என்பதுதான் உங்கள் மனைவியின் பயம். அது நியாயமான பயம்.

ஆகவே என் பதில்: முதலில் செஸ்னாவை விற்றுவிடுங்கள், வந்த பணத்தில் ஹெலாக்கை முழுவதும் அடையுங்கள், அதன் பிறகு மட்டும் சிரஸைப் பற்றிப் பேசுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது.

செஸ்னா விற்காமல் இருப்பதற்குக் காரணம் சந்தை இல்லை, விலை. வாங்கிய 42,000, அதன் மேல் போட்ட 42,000, அதற்குக் கட்டிய வட்டி, இத்தனை ஆண்டு அன்பாகப் பராமரித்ததற்கு ஒரு தொகை என்று கூட்டித்தான் 1,15,000 என்ற எண்ணுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வாங்குபவர் வேறு கணக்குப் போடுவார். உங்கள் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பின் 1,700 மணி நேரம் ஓடியிருந்தால், தயாரிப்பாளர் பரிந்துரைக்கும் 2,000 மணி நேரத்துக்கு இன்னும் 300தான் மிச்சம் என்பதை லாக் புக்கில் (விமானத்தின் பராமரிப்புப் பதிவேடு) முதலில் பார்ப்பார். 172என் விமானத்தில் உள்ள ஓ-320-எச்2ஏடி எஞ்சினின் கேம்ஷாஃப்டும் லிஃப்டர்களும் (வால்வுகளை இயக்கும் பாகங்கள்) எளிதில் தேயக்கூடியவை என்பது செஸ்னா வாங்க வருகிற எவருக்கும் தெரிந்த விஷயம். எண்ணெய் ஃபில்டரை வெட்டிப் பிரித்து, மடிப்புகளுக்குள் உலோகத் துகள் மின்னுகிறதா என்று ஒரு மெக்கானிக்கை வைத்துப் பார்ப்பார். ஏழு மாதமாக விமானம் பெரும்பாலும் ஹேங்கரிலேயே நின்றிருந்தால், கரோலினாவின் ஈரக்காற்றில் அந்தக் கேம்ஷாஃப்டில் துரு ஏறும் அபாயம் கூடிக்கொண்டே போகிறது. அதிக விலைக்காகக் காத்திருப்பது, கிடைக்கிற விலையையும் குறைத்துக்கொண்டிருக்கிறது. ஹெலாக்கின் பழைய வட்டி 270 டாலரையும் சேர்த்தால் காத்திருப்பின் செலவு மாதம் 1,000 டாலருக்கு மேல். இதுவரை 7,000 டாலர் போயிருக்கிறது.

செலவு ரசீதுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவற்றுக்கு உண்மையான பயன் வரிக் கணக்கில் இருக்கிறது. சொந்த உபயோகத்துக்கான விமானத்தை லாபத்தில் விற்றால் மூலதன ஆதாய வரி உண்டு. நஷ்டத்தில் விற்றால் கழிவு கிடையாது. ஏவியானிக்ஸ் போன்ற மேம்பாட்டுச் செலவை அடக்க விலையோடு சேர்க்கலாம் என்பதால் லாபம் சிறிதாகிவிடும். 2018க்குப் பின் 1031 பரிமாற்றம் (ஒரு சொத்தை விற்று அதே வகைச் சொத்து வாங்கி வரியைத் தள்ளிப்போடுவது) நிலம், கட்டடங்களுக்கு மட்டும்தான். விமானத்துக்கு விமானம் மாற்றி வரியைத் தள்ளிப்போடும் பழைய வழி இப்போது இல்லை. 84,000 டாலருக்கு விற்று, புரோக்கர் கமிஷன் 4,000, வரிக்கு 2,000, ஹெலாக் 38,000 போனால் உங்கள் கையில் 40,000 டாலர் நிற்கும், வீட்டின் மீது விமானக் கடன் ஒரு டாலர்கூட இருக்காது.

மைத்துனர் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாதம் 700 டாலர் என்பது, நீங்கள் இப்போது அந்த விமானத்துக்குச் செய்யும் செலவைக்கூட ஈடுகட்டாது. 84,000 டாலர் அசல் மட்டும் வசூலாகப் பத்து ஆண்டு ஆகும். அதுவரை பதிவு உங்கள் பெயரில் இருந்தால், அவர் ஓட்டும்போது ஏதாவது நேர்ந்தால் வழக்கில் உங்கள் பெயரும் வரும். அவருக்கு உண்மையாகவே அந்த விமானம் வேண்டுமென்றால், அவரே வங்கிக் கடன் வாங்கி, சந்தை விலையை எஸ்க்ரோவில் (விற்பனை முடியும்வரை பணத்தை வைத்திருக்கும் மூன்றாம் நபரின் கணக்கு) செலுத்தட்டும். 8050-2 படிவ விற்பனைப் பத்திரம் ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம்) பதிவகத்துக்குப் போகட்டும். வெளியாருக்கு விற்கும்போது செய்வதையெல்லாம் அவருக்கும் செய்யுங்கள். இதை உங்கள் மனைவி தன் அண்ணனிடம் சொல்ல வேண்டிய நிலையை உண்டாக்காமல், நீங்களே பேசிவிடுவது நல்லது.

உங்கள் நண்பர்கள் யாராவது, “எல்.எல்.சி. நிறுவனம் ஒன்று தொடங்கி சிரஸை விமானப் பயிற்சிப் பள்ளிக்கு லீஸ்பேக் (வாடகைக்கு) கொடு, முதல் ஆண்டிலேயே முழு விலையையும் தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம்” என்று சொல்லக்கூடும். 2025 ஜனவரி 19க்குப் பின் வாங்கும் சொத்துகளுக்கு நூறு சதவீதப் போனஸ் தேய்மானம் திரும்ப வந்ததிலிருந்து இந்த யோசனை நாகரிகமாகிவிட்டது. ஆனால் விமானத்தின் உபயோகத்தில் பாதிக்கு மேல் தொழிலுக்காக இருக்க வேண்டும். அந்த நஷ்டத்தைச் சம்பளத்திலிருந்து கழிக்க வேண்டுமானால் அத்தொழிலில் நீங்களே கணிசமாக உழைப்பவராகவும் இருக்க வேண்டும். முழுநேர வேலையில் இருப்பவர் இதை நிரூபிப்பது கடினம். பின்னால் விற்கும்போது, கழித்த தேய்மானம் சாதாரண வருமானமாகத் திரும்பி வந்து வரிக்கு உட்படும். பயிற்சி மாணவர்கள் ஓட்டுவதற்கு வணிக இன்ஷூரன்ஸும், 100 மணி நேரத்துக்கு ஒரு முறை சோதனையும் தேவை. வரிக்காக விமானம் வாங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

சிரஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை, ஓர் ஆண்டு கழித்து வாங்குங்கள். செஸ்னா போன மறுமாதத்திலிருந்து, சிரஸை ஏற்கெனவே வாங்கிவிட்டதாக வைத்துக்கொண்டு, 4,000 டாலரைத் தனிக் கணக்கில் போடுங்கள். அதில் 1,500 டாலருக்குப் பயிற்சிப் பள்ளியின் சிரஸை வாடகைக்கு எடுத்துப் பறங்கள். அந்த வகை விமானத்தில் சேரும் மணிநேரம் இன்ஷூரன்ஸ் பிரீமியத்தைக் குறைக்க உதவும். மீதமுள்ள 2,500 பன்னிரண்டு மாதத்தில் 30,000 ஆகும். கையிலுள்ள 40,000 டாலருடன் சேர்ந்து 70,000: முன்பணம் கடன் இல்லாமல் வந்துவிட்டது. நடுவில் இரண்டு மூன்று மாதம் அந்த 4,000 டாலரைப் போட முடியாமல் போனால், அந்த விமானம் உங்கள் சம்பளத்துக்குப் பெரியது என்று அர்த்தம். அதை வாங்குவதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது.

இப்போது வந்திருக்கும் விமானம் கைநழுவிப் போனால் போகட்டும். 2007 மாடலில் இன்னொரு செலவும் காத்திருக்கிறது: விமானத்தையே அவசரத்தில் தாங்கி இறக்கும் சிரஸின் பாராசூட்டைப் பத்து ஆண்டுக்கு ஒரு முறை மாற்றியாக வேண்டும். 2017இல் ஒரு முறை மாற்றியிருந்தால் அடுத்தது 2027. 15,000 டாலருக்கு மேல் ஆகும் அந்த வேலை முடிந்துவிட்டதா என்று எந்த 2007 சிரஸைப் பார்த்தாலும் முதலில் கேளுங்கள்; முடியவில்லையென்றால் அதை விலையில் கழியுங்கள்.

இந்த வாரமே செஸ்னாவின் விலையை 86,000க்கு இறக்குங்கள். 1978 முதலான எல்லா லாக் புக்குகளையும் ஸ்கேன் செய்து வையுங்கள், வாரம் ஒரு முறை ஒரு மணி நேரமாவது பறந்து எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். வட கரோலினாவில் ஜனவரி 1 அன்று யாரிடம் இருக்கிறதோ அவர்தான் அந்த விமானத்துக்குக் கவுன்டி வரி கட்ட வேண்டும். ஆகையால் 84,000 டாலருக்கு ஒருவர் வந்தால் பேரம் பேசி நாளைக் கடத்தாமல் டிசம்பருக்குள் கொடுத்துவிடுங்கள்.