300-க்குப் பணம், 94-க்கு வேகம்

கேள்வி: வேளச்சேரியில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். மகனுக்கு வீட்டிலிருந்தே வேலை என்பதால் 100 எம்பிபிஎஸ் திட்டத்திலிருந்து 300-க்கு மாறினோம். லேப்டாப்பில் கேபிளைச் செருகிச் சோதித்தாலும் 94-ஐத் தாண்டவில்லை. கம்பெனியில் கேட்டால் “எங்கள் பக்கம் எல்லாம் சரி” என்கிறார்கள். பார்க்க வந்த பையன் 1200 என்று போட்ட புது ரவுட்டர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: கொஞ்சம் பொறுங்கள். அந்த 94 என்ற எண்ணே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. வேகம் காலையில் 180, இரவில் 60 என்று ஏறி இறங்கினால் கம்பெனி மேல் சந்தேகப்படலாம். எப்போது பார்த்தாலும் 93, 94 என்று ஒரே இடத்தில் முட்டிக்கொண்டு நின்றால், வழியில் எங்கோ ஒரு 100 எம்பிபிஎஸ் இணைப்பு உட்கார்ந்திருக்கிறது. அந்த நூறிலும் முகவரி, சரிபார்ப்பு என்று தகவலோடு சேர்ந்து பயணம் செய்யும் சங்கதிகளுக்கு ஐந்தாறு போய்விடும், மிச்சம்தான் நமக்கு.

எங்கே உட்கார்ந்திருக்கும்? முதல் சந்தேகம் ரவுட்டரின் பின்பக்கம் உள்ள போர்ட். விலை குறைந்த ரவுட்டர்கள் பலவற்றில் இது 10/100 வகை. கம்பெனி ஆயிரம் கொடுத்தாலும் அந்த ஓட்டை வழியாக நூறுதான் உள்ளே வரும். ரவுட்டர்தான் காரணம் என்றால், நீங்கள் வாங்க வேண்டியது கிகாபிட் போர்ட், அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்கும் போர்ட் உள்ளது.

இரண்டாவது சந்தேகம் கேபிள். சென்னையில் பல குடியிருப்புகளுக்கு ஃபைபர் கட்டடம் வரைக்கும்தான் வருகிறது. அங்கே மாட்டியிருக்கும் ஸ்விட்சிலிருந்து (இணைப்பை வீடுகளுக்குப் பிரித்துத் தரும் பெட்டி) வீட்டுக்கு லேன் கேபிள் இழுத்துவிடுவார்கள். அதற்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 100-க்கு இரண்டு ஜோடி போதும், 1000-க்கு நான்கும் வேண்டும். ஒரு கம்பி அறுந்திருந்தாலோ, முனையில் கனெக்டரைச் சரியாக அழுத்திப் பொருத்தாமல் விட்டிருந்தாலோ, இரண்டு பக்கக் கருவிகளும் தமக்குள் பேசிக்கொண்டு சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடும். இணையம் நிற்காது. அதனால்தான் பழைய திட்டத்தில் இருந்தவரை உங்களுக்கு இது தெரியவே இல்லை.

இரண்டில் எது என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். ரவுட்டருக்கு வரும் கேபிளைக் கழற்றி லேப்டாப்பில் செருகுங்கள். விண்டோஸ் செட்டிங்ஸில் நெட்வொர்க் பகுதிக்குப் போனால் ‘லிங்க் ஸ்பீடு’ என்று ஒரு வரி இருக்கும். 1000/1000 என்று காட்டினால் கேபிள் நல்லது, ரவுட்டர்தான் காரணம். 100/100 என்றால் கேபிளோ அதன் மறுமுனையோ கோளாறு. இழுத்தவர்களையே சரிசெய்யச் சொல்லுங்கள். ஒரு எச்சரிக்கை: லேப்டாப்பின் போர்ட்டும் கிகாபிட்டாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பழி கேபிள் மேல் விழும்.

கேபிள்தான் காரணம் என்றால் புகார் கொடுத்து, புகார் எண்ணை மறக்காமல் வாங்கி வையுங்கள். தீர்க்காவிட்டால் அந்த நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அப்படி ஓர் ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, அந்த 1200? அது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300-ஐயும் 5 கிகாஹெர்ட்ஸின் 867-ஐயும் கூட்டி, வரும் 1167-ஐ 1200 என்று ஏற்றிச் சொல்லும் எண். உங்கள் போன் பொதுவாக ஒரு நேரத்தில் இரண்டில் ஒன்றில்தான் இருக்கும். ஆளுக்கு நாற்பதில் ஓடும் இரண்டு ஆட்டோவைக் காட்டி, எண்பதில் போய்ச் சேரலாம் என்று சொல்வதுபோல இது. வேடிக்கை என்னவென்றால், பெட்டியில் 1200 என்று போட்டு, பின்னால் 10/100 போர்ட் வைத்த ரவுட்டர்களும் விற்பனையில் இருக்கின்றன. எனவே பெட்டியின் முன்பக்கத்தைவிடப் பின்பக்கத்தைப் படியுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எல்லாம் சரியான பிறகு ஒரு கோப்பை இறக்கும்போது 37 என்று காட்டினால் மறுபடி போனை எடுக்காதீர்கள். திட்டத்தில் சொல்வது மெகாபிட், இறக்கும்போது பெரும்பாலும் தெரிவது மெகாபைட். எட்டு பிட் ஒரு பைட். 300-ஐ எட்டால் வகுத்தால் 37.5.

கேள்வி: முடிச்சூரில் 2015 வெள்ளத்தில் கம்ப்யூட்டரும் ஹார்ட் டிஸ்க்கும் போய், மகள் கல்யாணப் படங்கள் எல்லாம் அழிந்தன. அதிலிருந்து எல்லாம் கூகுளில்தான். இப்போது 15 ஜிபி நிறைந்துவிட்டது. மாதாமாதம் பணம் கட்டுவதா, ஒரு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்குவதா? இந்த கிளவுட் என்பது உண்மையில் எங்கே இருக்கிறது?

பதில்: தரையில்தான். உங்களுக்குப் பக்கத்திலேயே சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் பெரிய பெரிய டேட்டா சென்டர்கள் இருக்கின்றன. மைக்ரோசாஃப்டின் தென்னிந்திய கிளவுட் மையமும் 2015 முதல் சென்னையில்தான். அடுத்தவர் கம்ப்யூட்டரில் வாடகைக்கு இடம் பிடிப்பதுதான் கிளவுட். வாடகைக்கு என்ன லாபம் என்றால், ஒரு டிஸ்க் செத்தாலும் வேறு டிஸ்க்கில் பிரதி இருக்கும். உங்கள் வீட்டு டிஸ்க்குக்கு அந்தப் பாக்கியம் இல்லை.

பணம் கட்டுவதற்கு முன் இடத்தைக் காலி செய்து பாருங்கள். அந்த 15 ஜிபி ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. போட்டோஸில் தரம் குறைத்துச் சேமிக்கும் படங்களும் 2021 ஜூன் முதல் கணக்கில் சேர்ந்தன. ஆண்ட்ராய்டு போனின் வாட்ஸாப் பேக்கப்பும் பிறகு சேர்ந்துவிட்டது. ‘காலை வணக்கம்’ வீடியோக்களை அழித்தாலே சில வீடுகளில் இரண்டு மூன்று ஜிபி கிடைக்கும். ஆனால் தள்ளிப் போடாதீர்கள். இடம் நிறைந்துவிட்டால் ஜிமெயிலுக்குப் புது மின்னஞ்சல் வராது, வங்கியிலிருந்து வருவது உட்பட.

அப்புறம், கிளவுடில் இருப்பதெல்லாம் பேக்கப் ஆகிவிடாது. கூகுள் போட்டோஸ் செயலியில் ஒரு படத்தை அழித்தால் கிளவுடிலும் சேர்ந்து அழியும். குப்பைத் தொட்டியில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். அதனால் என் யோசனை: சின்ன கிளவுட் திட்டம் ஒன்றும் வேண்டும், ஹார்ட் டிஸ்க்கும் வேண்டும். டிஸ்க்கில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பிரதி எடுத்து மகள் வீட்டில் கொடுத்து வையுங்கள். முடிச்சூரில், அதுவும் தரைத்தளத்தில் வேண்டாம். இதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கேள்வி: கல்லூரி போகும் தங்கைக்கு ரிச்சி தெருவில் பழைய லேப்டாப் பார்த்தேன். ‘ஐ5, விண்டோஸ் 10, ஆன்டிவைரஸ் ஃப்ரீ’ என்றார் கடைக்காரர். நம்பி வாங்கலாமா?

பதில்: ஐ5 என்பது குடும்பப் பெயர் மாதிரி, வயதைச் சொல்லாது. அதற்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 6200 என்றால் ஆறாம் தலைமுறை, 8250 என்றால் எட்டாம் தலைமுறை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-உடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு, இன்டெல் என்றால், ஏறக்குறைய எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ வேண்டும்; டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். “11-ஏ போட்டுத் தருகிறேன் தம்பி” என்று கடைக்காரர் சொன்னாலும், தகுதியில்லாத லேப்டாப்பில் குறுக்கு வழியில் போட்டால் அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உத்தரவாதம் தருவதில்லை.

ஆன்டிவைரஸுக்காக மயங்க வேண்டாம். விண்டோஸிலேயே டிஃபெண்டர் இலவசமாக இருக்கிறது. எட்டாம் தலைமுறை கிடைத்தால் ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாகக் கொடுத்தாவது அதை வாங்குங்கள். ஆறுதான் கிடைக்கிறது என்றால் நன்றாக விலை குறைத்து வாங்கி, விண்டோஸுக்குப் பதிலாக உபுண்டு என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம், தங்கையின் பாடத்துக்கு விண்டோஸ் மென்பொருள் தேவையில்லை என்றால்.

கேள்வி: காபி கடை வைஃபையில் வங்கி ஆப் திறக்கலாமா? அதற்காக விபிஎன் வாங்க வேண்டுமா?

பதில்: அதற்காக வேண்டாம். வங்கி ஆப் தகவலைப் பூட்டித்தான் அனுப்புகிறது. விபிஎன் என்பது உங்கள் இணையப் போக்குவரத்தைப் பூட்டி வேறொரு கம்பெனி வழியாக அனுப்பும் சேவை. நீங்கள் எந்தத் தளத்துக்குப் போகிறீர்கள் என்பதைக் கடைக்காரரின் ரவுட்டரிடமிருந்து விபிஎன் மறைக்கும். அதே விவரம் விபிஎன் கம்பெனிக்குத் தெரியவரும். ஓடிபியை நீங்களே போனில் சொன்னால் எந்த விபிஎன்னும் தடுக்காது. அப்படி ஏமாந்து பணம் போனது தெரிந்தால், அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், வங்கிக்கும் சொல்லிக் கணக்கை முடக்குங்கள். வங்கி திறக்கட்டும், காலையில் நேரில் போகலாம் என்று காத்திருந்தால் அதற்குள் பணம் நாலு கணக்கு தாண்டியிருக்கும்.