வாடகைக் காரில் ஸ்காட்லாந்து: வாசகர் கேள்விகள், பதில்கள்

கேள்வி: மகள் எடின்பரோவில் படிக்கிறாள். செப்டம்பர் நடுவில் நால்வராக ஐந்து நாள் கார் எடுத்துச் சுற்ற எண்ணம். ஓட்டப்போவது நான் ஒருவன்தான். முதல் நாள் லாக் லோமண்ட், கிளென்கோ, கிளென்ஃபினன் பார்த்து ஃபோர்ட் வில்லியமில் தங்கல். இரண்டாம் நாள் கப்பலில் ஸ்கை தீவுக்குப் போய் முழுத் தீவும். மூன்றாம் நாள் ஆப்பிள்கிராஸ், உல்லாபூல். நான்காம் நாள் இன்வர்னஸ், லாக் நெஸ், கெய்ர்ன்கார்ம்ஸ். ஐந்தாம் நாள் மாலை 7 மணிக்கு எடின்பரோவில் விமானம். சரிப்படுமா?
– ஒரு வாசகர், கோவை

பதில்: சரிப்படாது. வரைபடத்தில் இடங்கள் பக்கத்தில் பக்கத்தில் தெரிவதால் வரும் ஆசை இது. அந்த ஊரில் தூரத்தை மைலில் எண்ணாதீர்கள், ஸ்டியரிங் பிடிக்கும் மணிக்கணக்கில் எண்ணுங்கள். கூகுள் மேப் காட்டும் நேரத்தோடு சாதாரண இருவழிச் சாலைக்குக் கால் பங்கு சேருங்கள். ஒற்றைத் தடச் சாலை, அதாவது ஒரு கார் அகலமே உள்ள சாலை என்றால் பாதி. லாரி, கேம்பர் வேன் (படுக்கை, சமையல் வசதியுள்ள பெரிய வேன்), ஆட்டு மந்தை எல்லாம் அந்தக் கூடுதலில் அடங்கும். நிறுத்தம் ஒன்றுக்குக் குறைந்தது 20 நிமிடம். நால்வர் இறங்கி, படமெடுத்து, ஏறி, பெல்ட் போட அவ்வளவு ஆகிவிடும். நிறுத்தங்கள் போக, ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் ஒரே ஓட்டுநருக்கு நாளொன்றுக்கு நாலு மணி, மிஞ்சினால் ஐந்து. அதற்கு மேல் போனால் பின்சீட்டில் இருப்பவர்கள் இயற்கை ரசிப்பார்கள், நீங்கள் சாலையின் வெள்ளைக் கோடுகளை மட்டும்தான் பார்ப்பீர்கள்.

இந்தக் கணக்கில் ஆப்பிள்கிராஸும் உல்லாபூலும் விழுந்துவிடும். லாக் லோமண்டையும் விடலாம். அந்த ஏரியை ஒட்டி ஏ82 சாலை டார்பெட்டுக்கு வடக்கே பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில் நெளிந்து போகிறது. எதிரே பஸ் வந்தால் மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும். முதல் நாளே அது வேண்டாம். மீதியை இப்படி மாற்றிப் போடுங்கள்.

முதல் நாள்: காரை ஊருக்குள் எடுக்காமல் எடின்பரோ விமான நிலையத்தில் எடுங்கள். நகரத்தின் டிராம் தண்டவாளம், பஸ் தடம், பார்க்கிங் தொல்லை எதுவும் இருக்காது. ஸ்டர்லிங், கேலண்டர் வழியாக ஏ84, பிறகு ஏ85, கிரியன்லாரிக்கில் ஏ82. கேலண்டர் தாண்டியதும் லாக் லுப்னெய்க் ஏரி சாலையோரமாகவே வருவதால் லோமண்டை விட்ட ஏக்கமும் தீரும். டின்ட்ரமில் பெட்ரோலும் டீயும். அதன் பிறகு ரானக் மூர் என்னும் வெட்டவெளிச் சதுப்பு, அப்புறம் கிளென்கோ பள்ளத்தாக்கு. ஃபோர்ட் வில்லியம் வரை ஏறக்குறைய 130 மைல், அதாவது 210 கிலோமீட்டர். மேப் மூன்று மணி நேரம் என்னும். நிறுத்தங்களோடு ஆறு மணி நேரம் வையுங்கள். காலை 10 மணிக்குக் கிளம்பினால் வெளிச்சத்தில் போய்ச் சேரலாம்.

இரண்டாம் நாள்: கிளென்ஃபினன் 17 மைல்தான். அங்குள்ள 21 வளைவு ரயில் பாலத்தில் நீராவி ரயில் கடக்கும் நேரத்துக்கு ஊரே திரளும், கார் நிறுத்துமிடம் ஒரு மணி நேரம் முன்பே நிரம்பிவிடும். ரயில் முக்கியமில்லை என்றால் அந்த நேரத்தைத் தவிர்த்துப் போங்கள். பாலம் எப்போதும் அங்கேயேதான் இருக்கும். பிறகு மோரார் வெள்ளை மணல் கரை, மாலெய்க் துறை. அங்கிருந்து ஸ்கையின் ஆர்மடேலுக்குக் காரோடு கப்பல். காருக்கான இடத்தைப் பல வாரம் முன்பே பதிவு செய்துவிடுங்கள். நடந்து ஏறுபவர்களுக்கு இடம் கிடைப்பது போலக் காருக்குக் கிடைக்காது. கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முன் வரிசையில் நில்லுங்கள். கடல் சீறினாலோ எஞ்சின் கோளாறு என்றாலோ கப்பல் ரத்தாகும். அப்போது ஃபோர்ட் வில்லியம் வரை திரும்பி, இன்வர்கேரி, கைல் வழியாக ஸ்கை பாலம் ஏற வேண்டும்; மூன்று மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே கடைசிக் கப்பலை நம்பாமல் மதியக் கப்பலைப் பிடியுங்கள். பாலத்துக்குச் சுங்கம் கிடையாது, 2004-லேயே எடுத்துவிட்டார்கள். இரவு போர்ட்ரீயில்.

மூன்றாம் நாள்: பெட்டி கட்டாத நாள். போர்ட்ரீயிலேயே இரண்டாம் இரவும் தங்குங்கள். ட்ரோட்டர்னிஷ் தீபகற்பத்தைச் சுற்றும் வளையம் சுமார் 50 மைல், ஆனால் முழு நாள் வேலை. ஓல்ட் மேன் ஆஃப் ஸ்டோர் பாறைக்கு ஏறி இறங்க ஒன்றரையிலிருந்து இரண்டு மணி நேரம்; காலை எட்டரைக்குள் போனால்தான் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். அடுத்து கில்ட் ராக் அருவி, குவிராங் சரிவு, யூக், திரும்பப் போர்ட்ரீ. “முழுத் தீவும்” என்ற பேச்சை விடுங்கள். ஃபேரி பூல்ஸ், நீஸ்ட் பாயிண்ட், டன்வேகன் கோட்டை மூன்றும் மூன்று திசை. அவற்றுக்கு இன்னொரு முழு நாள் வேண்டும்.

நான்காம் நாள்: ஸ்கை பாலம், எய்லன் டோனன் கோட்டை, ஏ87, ஏ887 வழியாக லாக் நெஸ். இரவு இன்வர்னஸில் தங்காமல் 30 மைல் தெற்கே ஏவிமோரில் தங்குங்கள். கெய்ர்ன்கார்ம்ஸ் மலை வாசலிலேயே இருக்கும், மறுநாளின் ஓட்டமும் முக்கால் மணி நேரம் குறையும். மொத்தத்தில் ஓட்டத்தில் இதுதான் நீளமான நாள், ஸ்டியரிங் பிடிக்கும் நேரம் மட்டும் ஐந்து மணியைத் தொடும்.

ஐந்தாம் நாளைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். 7 மணி விமானத்துக்கு 4 மணிக்கு முனையத்தில். காரை ஒப்படைக்க, பெட்ரோல் நிரப்ப முக்கால் மணி. ஆகவே 3.15-க்கு விமான நிலைய வட்டாரம். ஏவிமோரிலிருந்து சுமார் 125 மைல். கூடுதலோடு மூன்றேகால் மணி நேரம், பிட்லாக்ரியில் சாப்பாட்டுக்கு முக்கால் மணி. காலை 10.30-க்குச் சக்கரம் உருண்டால் முக்கால் மணி கையிருப்பு மிஞ்சும். ஏ9-ல் விபத்து என்றால் சுற்றிப்போக நல்ல மாற்றுச் சாலை கிடையாது, அந்தக் கையிருப்பு அதற்கு. இன்னொன்று: இன்வர்னஸிலிருந்து டன்பிளேன் வரை அந்தச் சாலையில் சராசரி வேகக் கேமராக்கள். கேமராவைக் கண்டதும் பிரேக் அடித்துத் தப்பிக்கும் வித்தை செல்லாது. இரண்டு கம்பங்களுக்கிடையே எடுத்த நேரத்தைத்தான் கணக்கிடும். அபராதக் கடிதம் வாடகை நிறுவனத்துக்குப் போகும், அவர்கள் தங்கள் நிர்வாகக் கட்டணத்தையும் சேர்த்து உங்கள் கார்டில் எடுப்பார்கள்.

கேள்வி: பிரிட்டனிலும் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். நம்மூர் நெரிசலில் ஓட்டியவருக்கு அங்கே என்ன சிரமம் வந்துவிடப் போகிறது?
– ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: நெரிசலில் கிடைத்த கைத்திறனே சில இடங்களில் எதிரியாகும். முதலில் ஹெட்லைட். நம்மூரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் “நான் வருகிறேன், நீ நில்” என்று பொருள். அங்கே பெரும்பாலும் “நீங்கள் வாருங்கள்” என்று வழிவிடுகிறார். நீங்கள் பழக்கத்தில் லைட் அடித்துக்கொண்டு பாய்ந்தால் அவரும் புறப்பட்டிருப்பார். சந்தேகம் இருந்தால் லைட்டை நம்பாமல் வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். ரவுண்டானாவில் வலப்பக்கமிருந்து வருபவருக்கே முதல் உரிமை; சந்து கிடைத்தது என்று மூக்கை நுழைக்கக் கூடாது.

அடுத்து ஒற்றைத் தடச் சாலை. ஒரு கார் அகலத்துக்குத்தான் தார், இடையிடையே ‘பாசிங் பிளேஸ்’ என்ற பலகையோடு ஒதுங்குமிடம். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் அதில் ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதில் நுழையாதீர்கள். அதற்கு நேரெதிரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருபவர் அதற்குள் வளைந்து உங்களைக் கடப்பார். மேடேறி வருபவருக்கு முடிந்தவரை வழி விடுங்கள். பின்னால் வண்டிகள் சேர்ந்தால் ஒதுங்கி முன்னே போகச் சொல்லுங்கள். அவர்கள் வேலைக்குப் போகிற உள்ளூர்க்காரர்கள், நீங்கள் வேடிக்கை பார்க்க வந்தவர். அதே ஒதுங்குமிடத்தில் காரை நிறுத்திப் படமெடுப்பதுதான் ஊர்க்காரர்களுக்குத் தலையாய எரிச்சல்.

புல் ஓரத்தில் சக்கரத்தை இறக்காதீர்கள். பச்சையாகத் தெரிந்தாலும் கீழே சேறு, அல்லது கூர்க்கல். டயரின் பக்கச்சுவர் கிழிந்தால் பிரச்சினை பெரிது: இப்போதைய வாடகைக் கார்கள் பலவற்றில் ஸ்டெப்னி கிடையாது, ஓட்டையை அடைக்கும் பசையும் சின்ன கம்ப்ரசரும்தான். பசை ஆணி ஓட்டைக்கு உதவும், பக்கச்சுவர்க் கிழிசலுக்கு உதவாது. மீட்பு வண்டி வர அரை நாள்கூடப் போகலாம்.

வேகம் மைலில். நகருக்கு வெளியே இருவழிச் சாலையில் உச்ச வரம்பு 60 மைல், அதாவது 96 கிலோமீட்டர். அது அனுமதி, கட்டாயம் அல்ல. ஒற்றைத் தடத்தில் 30-ஐத் தாண்டவே மனம் வராது. ஊருக்குள் 30, பல இடங்களில் 20. மது விஷயத்தில் ஸ்காட்லாந்து இங்கிலாந்தைவிடக் கறார்: 2014 முதல் 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம்தான், இங்கிலாந்தில் 80. விஸ்கி ஆலைக்குப் போனால் ஓட்டுநர் மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளட்டும். பல ஆலைகளில் அவர் பங்கைச் சிறு புட்டியில் கொடுத்தனுப்புவார்கள்.

கேள்வி: சர்வதேச ஓட்டுநர் அனுமதி கட்டாயமா?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: சுற்றுலாவாக வருபவர் செல்லுபடியாகும் இந்திய உரிமத்திலேயே பிரிட்டனில் 12 மாதம் வரை சாதாரணக் கார் ஓட்டலாம், தமிழ்நாட்டு உரிம அட்டை ஆங்கிலத்தில் இருப்பதால் படிப்பதில் சிக்கல் இல்லை. ஆனால் சில வாடகை நிறுவனங்கள் தங்கள் விதிப்படி அனுமதியையும் கேட்கும், முன்பதிவு நிபந்தனையைப் படியுங்கள். தேவைப்பட்டால் ஆர்.டி.ஓ. அலுவலகம் வழியாக வாங்கலாம், ஓராண்டு செல்லும். அசல் உரிமம் இல்லாமல் அது மட்டும் செல்லாது.

கேள்வி: எந்த அளவு கார் எடுப்பது? இன்ஷூரன்ஸ் பற்றி நிறுவனத்துக்கு நிறுவனம் ஒவ்வொன்று சொல்கிறார்கள்.
– ஒரு வாசகர், சேலம்

பதில்: நால்வருக்குப் பெரிய எஸ்யூவி வேண்டும் என்று தோன்றும்; ஒற்றைத் தடத்தில் அதே அகலம் தலைவலி. நடுத்தர ஹேட்ச்பேக்கில் இரண்டு பெரிய பெட்டிதான் நுழையும். கூடுதல் பெட்டிகளை எடின்பரோவில் விட்டு, ஆளுக்கொரு சிறு பையோடு கிளம்புவதே நல்லது. ஆட்டோ கியர் வேண்டுமென்றால் பதிவிலேயே அதைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் மேனுவல் வந்து நிற்கும். 12 வயதுக்கும் 135 சென்டிமீட்டர் உயரத்துக்கும் கீழே உள்ள பிள்ளைக்குத் தனி இருக்கை சட்டப்படி அவசியம்.

வாடகையோடு வரும் அடிப்படைக் காப்பீட்டில் ‘எக்ஸஸ்’ என்றொரு தொகை உண்டு. சேதம் எவ்வளவு ஆனாலும் அந்தத் தொகை வரை நீங்கள் கட்ட வேண்டும். பல நிறுவனங்களில் 1,000 பவுண்டைத் தாண்டும். அதைப் பூஜ்யமாக்க கவுண்டரில் தினசரிக் கட்டணம் கேட்பார்கள். வெளி நிறுவனத்தில் எடுத்தால் மலிவு, ஆனால் இந்தியாவில் வசிப்பவருக்குச் செல்லுமா, டயரும் கண்ணாடியும் அடிப்பாகமும் அதில் சேர்த்தியா என்று இரண்டையும் பாருங்கள். மலைநாட்டில் அடிபடுவது அந்த மூன்றும்தான். முன்பணம் ஓட்டுநர் பெயரிலுள்ள கிரெடிட் கார்டில் முடக்கப்படும்; டெபிட் கார்டைப் பலர் ஏற்பதில்லை. வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கி ஆப்பில் ஆன் செய்துவிட்டுப் புறப்படுங்கள். காரை வாங்கியதும் நாலு சக்கரம், நாலு மூலை, கண்ணாடி, பெட்ரோல் அளவு எல்லாம் வீடியோ எடுங்கள். பெட்ரோல் நாமே பிடிக்க வேண்டும்: பச்சைக் குழாய் பெட்ரோல், கறுப்பு டீசல். மாற்றிப் பிடித்துவிட்டால் எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே நிறுவனத்தைக் கூப்பிடுங்கள்.

கேள்வி: இலண்டனில் இருக்கிறோம். அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கினம். நாலு நாள் லீவில் இங்கிருந்தே காரில் போய் ‘நார்த் கோஸ்ட் 500’ முடிக்கலாமோ?
– ஒரு வாசகி, ஹரோ

பதில்: இன்வர்னஸில் தொடங்கி ஸ்காட்லாந்தின் வடகரையைச் சுற்றி அங்கேயே முடியும் அந்தச் சாலை வளையம் மட்டும் 516 மைல். இலண்டனிலிருந்து இன்வர்னஸ் போகவே 550 மைலுக்கு மேல், திரும்பவும் அவ்வளவு. நாலு நாளும் காருக்குள்ளேயே போய்விடும், வயதானவர்களுக்கு முதுகும் போய்விடும். இலண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து சனிக்கிழமை தவிர்த்த இரவுகளில் கலிடோனியன் ஸ்லீப்பர் ரயில் இன்வர்னஸுக்கு உண்டு. படுத்துத் தூங்கிக் காலையில் இறங்கி, அங்கே கார் எடுங்கள். ஏ835 வழியாகக் கோரிஷாலக் பள்ளம் பார்த்து உல்லாபூல், 57 மைல்தான். அங்கே இரண்டு இரவு. நடு நாளில் லாக்கின்வர், ஆக்மெல்விக் கடற்கரை போய் வாருங்கள். மூன்றாம் நாள் ஏ832-ல் கெய்ர்லாக், லாக் மரீ வழியாக இன்வர்னஸ், இரவு ரயில்.

ஆப்பிள்கிராஸ் போகும் பேலக் நா பா கணவாயைத் தவிர்த்துவிடுங்கள். 626 மீட்டர் ஏற்றம், ஐந்துக்கு ஒன்று சரிவு, கொண்டை ஊசி வளைவு, அதுவும் ஒற்றைத் தடம். கொல்லிமலையில் ஓட்டியவருக்கு வளைவு பயமில்லை. பயம், வளைவில் எதிரே வரும் கேம்பர் வேனுக்காக உங்கள் காரைப் பின்னோக்கி எடுத்து ஒதுக்குவதில்.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: கிடைக்கும், நேரத்தோடு போனால். கிராமத்துப் பப்களில் சமையலறையை இரவு எட்டு, எட்டரைக்கே மூடிவிடுவார்கள். ஆட்டு உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவான ஹேகிஸில்கூடச் சைவ வகை உண்டு. பருப்பு சூப்பைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்காதீர்கள், பழைய பாணியில் அதைப் பன்றி எலும்புச் சாற்றில் வேகவைப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். சமையலறையோடு கூடிய விடுதி எடுத்து ஃபோர்ட் வில்லியம் அல்லது போர்ட்ரீ கடையில் அரிசி, தயிர் வாங்கினால் கவலையே இல்லை.

கேள்வி: டிசம்பர் பள்ளி விடுமுறையில் இதே பயணம்?
– ஒரு வாசகர், மதுரை

பதில்: டிசம்பர் கடைசியில் இன்வர்னஸில் விடிய ஒன்பது மணி, மாலை மூன்றரைக்கெல்லாம் இருட்டு. ஆறரை மணி வெளிச்சத்தில், பனி உறைந்த சாலையில், ஸ்கை வரை போகாதீர்கள். பிட்லாக்ரியிலோ ஏவிமோரிலோ ஒரே இடத்தில் தங்கி, ரயிலில் போய் வாருங்கள். அதே பயணத்துக்கு மே மாதம் சிறந்தது: நீண்ட பகல், மழை சற்றுக் குறைவு, ஜூனில் படையெடுக்கும் மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சிகளும் பெரும்பாலும் வந்திருக்காது.