எனக்கு எச்.ஐ.வி, மனைவிக்கு இல்லை. எங்களுக்குக் குழந்தை பிறக்க வழி உண்டா?

உண்டு. எனக்கு எச்.ஐ.வி இருப்பது தெரியவந்தது 2013-இல். மகளுக்கு இப்போது ஐந்து வயது. அவளுக்கும் இல்லை, அவள் அம்மாவுக்கும் இல்லை. மலேசியாவில், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்தில் இருக்கிறோம்.

அப்பாவிடமிருந்து குழந்தைக்கு நேராக எச்.ஐ.வி போகாது. அம்மாவுக்குத் தொற்றினால்தான் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே காப்பாற்ற வேண்டியது மனைவியை. அதற்கு நான் சாப்பிடும் மருந்தே போதும் என்று தெரியாமல் இரண்டு வருஷத்தை வீணாக்கினேன்.

அந்த இரண்டு வருஷமும் விந்துவைக் கழுவித் தரும் இடத்தைத் தேடி அலைந்தேன். வைரஸ் பெரும்பாலும் விந்துத் திரவத்திலும் அதிலுள்ள வெள்ளை அணுக்களிலும்தான் இருக்கும். அதனால் இயந்திரத்தில் சுழற்றி விந்தணுக்களை மட்டும் பிரித்து, சோதித்துப் பார்த்துக் கருப்பைக்குள் செலுத்துவார்கள். இத்தாலியில் செம்ப்ரினி என்ற மருத்துவர் தொடங்கிய முறை இது. 1992-இலேயே முடிவுகளை வெளியிட்டுவிட்டார். நல்ல முறைதான். ஆனால் பினாங்குத் தீவில் ஒரு தனியார் கிளினிக்கில், பெயரைப் பதியும்போதே, "உங்க மாதிரி ஆளுங்களுக்கு எங்க லேப்ல தனி டேங்க் இல்ல" என்றார்கள். ஃபெரியில் திரும்பும்போது மனைவி ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்கப்புறம்தான் எனக்கு மருந்து தரும் அரசாங்க மருத்துவமனை டாக்டரிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். அவர் என் பழைய ரத்தப் பரிசோதனைத் தாள்களை மேஜையில் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் 'நாட் டிடெக்டட்', அதாவது சோதனையில் வைரஸ் தென்படவில்லை. 2016-இல் வெளிவந்த 'பார்ட்னர்' ஆய்வைச் சொன்னார். ஐரோப்பாவில், ஒருவருக்கு மட்டும் தொற்றுள்ள 888 ஜோடிகள்; ஆணுறை இல்லாமல் சுமார் 58,000 முறை உறவு; மருந்தால் வைரஸ் எண்ணிக்கை ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 200-க்குக் கீழே இருந்தவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூட இல்லை. நான் நம்பிவிட்டேன். மனைவி, "அந்த 888-ல நான் இல்லையே" என்றாள். நியாயமான பேச்சு.

டாக்டர் வாதாடவில்லை. தொற்று இல்லாதவர் தொற்றாமல் இருக்கத் தினம் சாப்பிடும் பிரெப் மாத்திரை இருக்கிறது, கட்டாயமில்லை, வேண்டுமானால் அதுவும் போட்டுக்கொள்ளலாம் என்றார். சிறுநீரகத்தையும் ஹெபடைட்டிஸ் பி-யையும் சோதித்துவிட்டு அவள் தொடங்கினாள். அன்றுதான் எங்கள் வீட்டில் பேச்சு திரும்பியது.

மற்றதெல்லாம் சாதாரணம். இருவருக்கும் பால்வினை நோய்ப் பரிசோதனை, எனக்கு விந்துப் பரிசோதனை (இதை முதலிலேயே செய்துவிடுங்கள், குறை இருந்தால் மாதக்கணக்கில் முயன்று பயனில்லை). மருந்துக் கடையில் கருமுட்டை நாளைக் காட்டும் குச்சி வாங்கி, அந்த நாளும் அதற்கு முந்தைய சில நாளும் மட்டும் உறை இல்லாமல். முயன்ற நான்காவது மாதம் கரு தங்கியது. கர்ப்பத்தில் அவளுக்கு மறுபடி மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள்.

மனைவிக்கும் தொற்று இருந்தாலும் வழி உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று மலேசியாவை 2018-இல் உலக சுகாதார நிறுவனம் அங்கீகரித்திருக்கிறது.

ஒரே ஒரு நல்ல ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். குறைந்தது ஆறு மாதம் 200-க்குக் கீழே நிலைக்க வேண்டும், மாத்திரை தவறக் கூடாது. மனைவிக்குத் தெரியாமல் முயலவே முயலாதீர்கள். முயன்றுகொண்டிருந்த வருஷம் தைப்பூசத்துக்குப் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் கிளம்பி, மாத்திரையை வீட்டிலேயே விட்டுவிட்டேன். பாதி வழியில் வண்டியைத் திருப்பச் சொன்னது அவள்தான். அப்போதிருந்து அவள் கைப்பையில் என் மாத்திரை இரண்டு எப்போதும் இருக்கும்.