அழகான டிசைன் ஏன் ‘புதுசு’ போலத் தெரிகிறது?

கேள்வி: ஒரு பொருள் பார்க்க அழகாக இருந்தால், அது இன்னொன்றைப் போல இல்லை, புதியது என்று நினைத்துவிடுகிறோமா? டிசைன் பதிவுக்கு வரும் விண்ணப்பங்களைப் பரிசீலிப்பவர்களையும் இது பாதிக்குமா?

பாதிக்கும். டிசைன் பதிவு என்பது ஒரு பொருளின் தோற்றத்தை மற்றவர்கள் நகலெடுக்காமல் காக்கும் பதிவு. கோவையில் கிரைண்டர், எவர்சில்வர் பாத்திரம் செய்யும் சிறு பட்டறைகளுக்கு டிசைன் பதிவு விண்ணப்பம் தயார் செய்து கொடுப்பதுதான் என் வேலை. இந்தத் தவறை நானே செய்திருக்கிறேன் என்பதால் உறுதியாகச் சொல்ல முடிகிறது.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவர் டேபிள் டாப் கிரைண்டர் ஒன்றின் கம்ப்யூட்டர் படத்தைக் கொண்டுவந்தார். செம்பு நிறத்தில் பளபளவென்று, அடியில் மெல்லிய நிழலோடு இருந்தது. பார்த்ததுமே பிடித்துப்போயிற்று. ஏற்கெனவே பதிவான டிசைன்களைத் தேடினேன். கொஞ்சம் சாயலில் ஒன்று கிடைத்தது. அது நகலுக்கு நகல் எடுத்து மங்கிப்போன கறுப்பு வெள்ளைப் படம். ‘இது எங்கே, அது எங்கே’ என்று ஒதுக்கிவிட்டு விண்ணப்பத்தை அனுப்பினேன். சில வாரங்களில் அதே பழைய டிசைனைக் காட்டி கொல்கத்தாவிலுள்ள டிசைன் பதிவு அலுவலகத்திலிருந்து ஆட்சேபம் வந்தது.

எங்கள் சீனியர் இரண்டு படங்களையும் ஒரே அளவில் பிரிண்ட் எடுத்தார். இரண்டு பட்டர் பேப்பரில் வெளிக்கோட்டை மட்டும் பென்சிலால் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஜன்னல் கண்ணாடியில் ஒட்டினார். வெயில் பின்னாலிருந்து அடித்தது. முன்பக்கச் சரிவு, அடியில் பானை போலக் குறுகும் வளைவு, ஸ்விட்ச் உட்காரும் குழி எல்லாமே ஒரே கோடாகத் தெரிந்தன. மூடியின் குமிழ் மட்டும் அரை விரல் தள்ளி நின்றது. “நீ கிரைண்டரப் பாக்கல கண்ணு, பெயின்ட்டப் பாத்திருக்கற” என்றார்.

அந்தப் பதிவு அதிகாரி படத்தின் பளபளப்பில் மயங்கவில்லை. அதுதான் நல்ல பரிசீலனை. ஆனால் எல்லா நாளும், எல்லாக் கண்ணும் அப்படி இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஏனென்றால் சட்டமே இந்த வேலையைக் கண்ணிடம்தான் ஒப்படைத்திருக்கிறது. நம் நாட்டின் 2000-ஆம் ஆண்டு டிசைன் சட்டத்தில் பிரிவு 2(டி), உருவம், அலங்காரம், கோடு, வண்ணம் போன்றவற்றைக் கண்ணால் மட்டுமே மதிப்பிட வேண்டும் என்கிறது. பொருள் எப்படி இயங்குகிறது என்பது கணக்கில் வராது. ஏற்கெனவே தெரிந்த டிசைன்களிலிருந்து கணிசமாக வேறுபட்டிருக்க வேண்டும் என்பது பிரிவு 4. அழகாக இருக்க வேண்டும் என்று எங்கும் இல்லை. ஆனால் கண்ணைத் திறந்தால் பிடித்தமும் கூடவே வந்துவிடுகிறது.

இது டிசைன் பதிவில் மட்டும் நடப்பதல்ல. 1995-இல் ஜப்பானில் குரோசு, காஷிமுரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஏடிஎம் திரையின் பட்டன்களை 26 விதமாக அடுக்கி மக்களிடம் காட்டினார்கள். எது பயன்படுத்தச் சுலபமோ அதைவிட, எது அழகோ அதையே ‘சுலபம்’ என்றார்கள் மக்கள். இஸ்ரேலில் டிராக்டின்ஸ்கி என்ற ஆய்வாளர், தன் நாட்டில் இப்படி வராது என்று எதிர்பார்த்து அதையே செய்து பார்த்தார். அங்கே அழகுக்கும் ‘சுலபம்’ என்ற எண்ணத்துக்கும் உள்ள தொடர்பு இன்னும் பலமாக வந்தது. சுலபத்துக்கு நடப்பது புதுமைக்கும் நடக்கும் என்பது என் அனுபவம்.

என்னை அதிகம் வருத்துவது இதன் மறுபக்கம். ஒரு பாத்திரப் பட்டறைக்காரர் தூக்குவாளி ஒன்றைச் சிமென்ட் தரையில் வைத்து, தன் நிழலும் விழ, செல்போனில் படம் எடுத்து அனுப்பினார். ‘இந்த மாதிரி ஆயிரம் இருக்குங்க’ என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. பட்டர் பேப்பர் பாடம் நினைவுக்கு வந்ததால் வாளியையே கொண்டுவரச் சொல்லி, ஏழு கோணங்களில் வரைந்தோம். கழுத்துக்குக் கீழே தோள் சட்டென்று மடிந்து, பிறகு வயிறு நேராக இறங்கியது. தேடிய வரையில் அப்படி ஒன்று இல்லை. பதிவும் கிடைத்தது. ஆனால் அந்தப் போட்டோவை மட்டும் பார்த்து முடிவு செய்திருந்தால், பணம் கொடுத்துப் பளபளப்புப் படம் போடமுடியாத ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல வடிவம் ‘பழசு’ ஆகியிருக்கும்.

படம் எப்படிப் போடப்பட்டது என்பதே வழக்கின் முடிவை மாற்றும். குழந்தைகள் ஏறி உட்கார்ந்து உருட்டிப் போகும் ‘ட்ரங்கி’ பெட்டி வழக்கை 2016-இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. வெறும் கோட்டுப்படமாகப் பதிவு செய்யாமல், சாம்பல் நிழல்களோடு கம்ப்யூட்டர் படமாகப் பதிவு செய்திருந்தார்கள். அதனால் சக்கரமும் உடலும் வேறு வேறு நிறத்தில் நிற்பது, கொம்புள்ள மிருகம் போன்ற தோற்றம் எல்லாம் டிசைனின் பகுதியாகிவிட்டன. போட்டியாளரின் பெட்டி அதிலிருந்து வேறானது என்று முடிவாயிற்று. ட்ரங்கியின் யோசனை புதியது, புத்திசாலித்தனமானது என்று நீதிபதிகளே பாராட்டினார்கள். ஆனால் இந்தச் சட்டம் காப்பது யோசனையை அல்ல, தோற்றத்தை.

ஆப்பிள், சாம்சங் வழக்கு இன்னும் நேரடியானது. 2012-இல் லண்டனில் நீதிபதி பர்ஸ், சாம்சங் டேப்லெட்டுகள் ஆப்பிளின் டிசைனைப் போல இல்லை என்று தீர்ப்பளித்தார். தடிமன், பின்பக்கம் என்று சரியான காரணங்களைச் சொன்னார். கூடவே, சாம்சங்கில் ஆப்பிளின் அந்த எளிமை இல்லை, அது அவ்வளவு ‘கூல்’ இல்லை என்றும் எழுதினார். முடிவை நான் குறை சொல்லவில்லை, மேல்முறையீட்டிலும் அது நின்றது. ஆனால் ‘ஒன்றுபோல இருக்கிறதா’ என்ற கேள்விக்கான பதிலில் ‘பிடித்திருக்கிறதா’ என்பது எப்படி வந்து உட்காருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி எனக்குத் தெரியாது.

அப்படியானால் நிபுணரிடமே விட்டுவிடலாமா? 1871-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வெள்ளிக் கரண்டிப் பிடிகள் பற்றிய கோர்ஹாம் வழக்கில் வேண்டாம் என்றது. நிபுணர் எதிலும் வித்தியாசம் கண்டுபிடித்துவிடுவார், கடையில் வாங்குபவர் ஏமாறுவாரா என்று பார் என்றது. நியாயம்தான். ஆனால் வாங்குபவரின் கண் மொத்தத் தோற்றத்தைத்தான் பார்க்கும். அழகு வேலை செய்வதும் அங்கேதான்.

இதற்கு நல்ல வழி 2008-இல் நகம் தேய்க்கும் கட்டை ஒன்றின் வழக்கில் கிடைத்தது. பதிவான டிசைன் சதுரக் குழாய், மூன்று பக்கம் தேய்ப்பான். எதிராளியுடையதும் சதுரம், ஆனால் நான்கு பக்கமும் தேய்ப்பான். இரண்டை மட்டும் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத்தான் தெரியும். அதற்கும் முந்தைய முக்கோணக் கட்டை ஒன்று இருந்தது, அதில் எல்லாப் பக்கமும் தேய்ப்பான். மூன்றையும் சேர்த்து வைத்தபோது, மற்ற இரண்டிலும் எல்லாப் பக்கமும் தேய்ப்பான் இருக்க, பதிவானதில் வெறுமையாக இருந்த நான்காம் பக்கம் பெரிய வித்தியாசமாகிவிட்டது. பழைய டிசைன்களைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட வேண்டும் என்றது அமெரிக்க ஃபெடரல் அப்பீல் நீதிமன்றம்.

அதனால் எங்கள் ஆபீஸில் இப்போது வண்ணப்படத்தை முதலில் யாரும் திறப்பதில்லை. விண்ணப்பத்தின் படம், தேடலில் கிடைத்த நான்கைந்து பழைய டிசைன்கள் எல்லாவற்றையும் ஒரே கோணம், ஒரே அளவு, வெறும் கோடு என்று ஆக்கி, எது வாடிக்கையாளருடையது என்று சொல்லாமல், வண்ணப்படத்தையே பார்க்காத இன்னொருவரிடம் கொடுக்கிறோம். வித்தியாசங்களை அவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் மற்றது. ஒரு மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கிறது.

அந்தக் கிரைண்டர்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. பொருள் இன்னும் சந்தைக்கு வராததால் அச்சை மாற்ற நேரம் இருந்தது. அடிப்பாகத்தைப் பானை வளைவிலிருந்து பட்டையாக்கி, ஸ்விட்சைப் பக்கவாட்டுக்குக் கொண்டுபோய் மறுபடி விண்ணப்பித்தார். இரண்டாவது முறை ஆட்சேபம் வரவில்லை. நிறம் மட்டும் அதே செம்புதான்.