எழுதிக் காட்டினால் போதாதா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

என் அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவர். போன வாரம் வயிற்று வலிக்காக மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். டாக்டர் என்னைப் பார்த்தே எல்லாக் கேள்விகளையும் கேட்டார். அண்ணன் ஒரு தாளில் 'மாத்திரை சாப்பாடு முன் வாந்தி' என்று எழுதிக் கொடுத்தார். சாப்பாட்டுக்கு முன்னால் வாந்தி வருகிறது என்று டாக்டர் எடுத்துக்கொண்டார். வெறும் வயிற்றில் மாத்திரை போட்டால் வாந்தி வருகிறது என்பதுதான் அண்ணன் சொல்ல வந்தது. இத்தனை வருடம் தமிழ் படித்தவருக்கு ஒரு வாக்கியம் ஏன் வரவில்லை? தமிழுக்கென்று ஒரு சைகை மொழியை உருவாக்கினால் இது சரியாகாதா?

ம., திருநெல்வேலி

அன்புள்ள ம.,

அண்ணனுக்கு வாக்கியம் வருகிறது. அவருடைய மொழியில் வருகிறது. அந்த நான்கு சொற்களைக் கையால் சொல்லியிருந்தால் முகமும் உடம்பும் சேர்ந்து பேசியிருக்கும். எதனால் எது வந்தது என்பதில் குழப்பம் இருந்திருக்காது. தமிழ் அவருக்கு இரண்டாவது மொழி. அதே வீட்டில் பிறந்து வளர்ந்ததால் உங்கள் யாருக்கும் அது தோன்றியிருக்காது.

'மாத்திரையை', 'மாத்திரைக்கு', 'மாத்திரையால்' என்ற வித்தியாசத்தை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பள்ளிக்குப் போகும் முன்பே காது வழியாக உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அவருக்கு அது கரும்பலகையில்தான் அறிமுகம். போதாததற்கு நம் தமிழே இரண்டு தமிழ். புத்தகத்தில் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று படிப்பார். எதிரே நிற்பவரின் உதடு 'வந்துட்டிருக்கேன்' என்று அசையும். இரண்டும் ஒன்றுதான் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள் என்று பலர் நம்புகிறார்கள். கண்ணாடி முன் நின்று சத்தமில்லாமல் 'பணம்' என்றும் 'மணம்' என்றும் சொல்லிப் பாருங்கள். பகரமும் மகரமும் இதழ் இயைந்து பிறக்கும் என்று தொல்காப்பியமே சொல்லிவிட்டது. ககரம் பிறப்பதோ வாய்க்குள்ளே, அடிநாக்கில். அதை யார் பார்க்க முடியும்? இந்த நம்பிக்கையில்தான் 1880இல் மிலான் நகரில் கூடிய கல்வியாளர் மாநாடு, காது கேளாத பிள்ளைகளுக்கு வாய்ப்பேச்சு வழியாகவே கற்பிக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கூடியவர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே காது கேட்பவர்கள்! அதன் நிழல் நம் வகுப்பறைகள் வரை நீண்டது. உங்கள் பக்கத்துப் பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே காது கேளாதோர் பள்ளி வந்துவிட்டது. ஆனால் பொதுவாக இப்படிப்பட்ட பள்ளிகளில் சைகை மொழி வளர்ந்தது வகுப்பை விட விடுதியில்தான், பிள்ளைகள் தங்களுக்குள் பேசிப் பேசி.

சரி, தமிழுக்கென்று ஒரு சைகை மொழி? வேண்டாம் என்பேன். சைகை மொழி பேச்சு மொழியின் நிழலாக நடப்பதில்லை. அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பேசுவது ஆங்கிலம்தான்; ஆனால் இரு நாட்டுச் சைகை மொழிகளும் ஒன்றுக்கொன்று புரியாது. உங்கள் அண்ணன் பேசுவது பெரும்பாலும் இந்திய சைகை மொழியாக இருக்கும். ஊருக்கு ஊர் சைகைகள் மாறினாலும் இலக்கணம் பெரிதும் ஒன்றுதான். 'நீ எங்கே போகிறாய்' என்பது அதில் 'நீ போ எங்கே' என்று வரும். ஆம், இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வியாக இருந்தால் புருவம் உயரும். கையை மட்டும் பார்ப்பவர் பாதியைத்தான் கேட்கிறார். டெல்லியில் உள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2021இல் வெளியிட்ட அகராதியில் 10,000 சொற்கள் இருக்கின்றன.

உங்கள் கேள்வியில் ஓர் இடத்தில் நியாயம் உண்டு. பெயரையும் ஊரையும் விரலில் எழுத்துக்கூட்ட ஆங்கில எழுத்துகள்தான் பரவலான பழக்கம். தமிழ் வழியில் படித்தவர் தூத்துக்குடியை ஆங்கிலத்தில் கூட்ட வேண்டும். ழகரம் வந்தால் கேட்கவே வேண்டாம்.

இனி அந்த டாக்டர் அறை. உச்ச நீதிமன்றத்தில் 2023இல் சாரா சன்னி என்ற காது கேளாத வழக்கறிஞர், சைகை மொழிபெயர்ப்பாளர் துணையோடு ஆஜரானார். நம்மூர் ஆஸ்பத்திரியில் வயிற்று வலிக்காரருக்கு அப்படி ஒருவர் கிடைப்பது அபூர்வம். அதனால் இப்போதைக்கு நீங்கள்தான் போக வேண்டியிருக்கும். போங்கள், ஆனால் டாக்டரை அண்ணனைப் பார்த்துப் பேசச் சொல்லுங்கள். அப்புறம் இதையும் யோசியுங்கள்: தங்கையிடம் சொல்லக் கூச்சப்படுகிற நோய் வந்தால் அவர் யாரைக் கூட்டிக்கொண்டு போவார்?

உங்களுக்கு எவ்வளவு சைகை தெரியும் என்று கடிதத்தில் இல்லை. 'சாப்பிடு', 'வா', 'போ' என்ற வீட்டுச் சைகைகளோடு நின்றிருந்தால் அண்ணனிடமே கற்றுக்கொள்ளத் தொடங்குங்கள். அவருடைய நண்பர்கள் மத்தியில் உங்களுக்கு ஒரு சைகைப் பெயர் இருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். மூக்குத்தியோ, தழும்போ, தூக்கலான பல்லோ, கண்ணில் பட்டதை வைத்துத்தான் பெயர் வைப்பார்கள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.